மூத்தவரை முந்தக்கூடாது

1

இந்த ஐப்பசியோடு எனக்கு எழுபது வயது முடிகிறது. இந்தச் செய்தி எனக்குப் புரட்டாசியில்தான் தெரிந்தது. சொன்னவள் நாங்குநேரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா செல்லம்மாள். நான் கடையில் ஓர் ஆட்டோவின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏலே, வார ஐப்பசியோட ஒனக்கு எழுவது முடியுது. கோயில்ல ஒரு அர்ச்சனையாவது வைக்கணும். வந்து சேரு."

"எழுபதா? எனக்கு அறுபத்தாறுதாங்க்கா."

"எவன் சொன்னான்?"

"ஆதார் அட்டை சொல்லுது."

"ஆதார் அட்டையா ஒன்ன இடுப்புல தூக்கிச் சொமந்துச்சு?"

என் வயதை முடிவு செய்தவர் எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஆடு மேய்த்தது போதும் என்று என்னைப் பள்ளிக்கு அனுப்பியபோது எனக்கு ஒன்பது. சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்த உடம்பு. கை காதுக்குப் போய்ச் சேர்வதற்கே சிரமப்பட்டது. அவர் ஐந்து என்று எழுதி, ஜூன் ஒன்றாம் தேதி என்று போட்டுவிட்டார். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். அவருக்கு அந்தத் தேதி எழுத வசதியாக இருந்திருக்கும்.

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பிறகு பாஸ்போர்ட் எடுத்தேன், லைசென்ஸ் எடுத்தேன், கல்யாணத்தைப் பதிவு செய்தேன். ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும் என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும் வேலை எனக்கு ஒருபோதும் வரவில்லை. அக்கா எண்ணிவிட்டாள். எண்ணாமல் இருந்திருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

2

நான் வெளிநாட்டில் வாழ்கிறவன் மாதிரி என்று சொல்லிவிட்டு, இருப்பது திருவனந்தபுரம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் வந்துவிடும் ஊர். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஊரை விட்டுக் கிளம்பியவன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, பசிதான். பம்பாயில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன், அசாம் பக்கம் லாரியில் கிளீனராகப் போய் டிரைவராகத் திரும்பினேன், சவுதியில் டிரெய்லர் ஓட்டினேன். அங்கெல்லாம் நான் அந்நியன் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. இங்கேதான் தெரிவதற்கு வருடக்கணக்கானது.

இங்கே என்னை எல்லோரும் 'அண்ணாச்சி' என்கிறார்கள். நம் ஊரில் அது மரியாதை. இங்கேயும் மரியாதைதான், ஆனால் அதற்குள் 'நீ அந்தப் பக்கத்து ஆள்' என்பதும் உட்கார்ந்திருக்கிறது. சரி, அந்தப் பக்கம் போனால் என்ன ஆகிறது? போன வருடம் வள்ளியூரில் இட்லி சாப்பிடும்போது சாம்பார் ஊற்ற வந்தவனிடம் என்னை அறியாமல் "மதி, மதி" என்று சொல்லிவிட்டேன். மலையாளத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். அவன் நிறுத்தவில்லை. இலை குளமான பிறகு, "ஐயாவுக்குக் கேரளாவா?" என்று கேட்டான். என்னோடு பைக்கில் வந்து அந்த மேசையில் உட்கார்ந்திருந்த நான்கு மலையாளிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் மனைவி வசந்தா நெய்யாற்றின்கரைக்காரி. எல்லைக்குப் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் வரும். எங்கள் ஒரே மகள் அஞ்சுவுக்கு அந்த வசதியும் இல்லை. தமிழில் நான் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும், கோபம் என்றால் ஆங்கிலத்தில் வரும். சிறு வயதில் அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர ஒரு கோடை விடுமுறை முழுக்க முயன்றேன். 'ழ' வரைக்கும் வந்தோம். பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். இப்போது கணினி அலுவலகத்தில் பெரிய வேலை. இந்தக் குறிப்பை அவளால் வாசிக்க முடியாது. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

3

சவுதியிலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் டிப்பர் கொஞ்ச காலம் ஓட்டினேன். முதுகு ஒத்துழைக்காததால் அதை விட்டுவிட்டுக் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் டயர் கடை போட்டேன். அந்தக் கடைக்கு வந்தவர்தான் ஜோஸ் டாக்டர். பல் மருத்துவர். வாயைத் திறந்தால் வண்டியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவர் புதிய பைக் வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டினார். கறுப்பு நிறம், நான்கு சிலிண்டர், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கொட்டாவி விடுகிற எஞ்சின். என்ன விலைக்கு என்று இங்கே எழுதமாட்டேன். வசந்தாவுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் வாசித்துச் சொல்ல அவளுக்கு ஆள் உண்டு.

ஏன் இந்த வயதில் இப்படி ஒரு வண்டி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் தத்துவம் எதுவும் இல்லை. வாழ்க்கை முழுக்கச் சரக்கு ஏற்றித்தான் ஓட்டியிருக்கிறேன். பின்னால் கல், சிமென்ட், பேரீச்சம்பழம், யாரோ ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டி. பின்னால் எதுவும் இல்லாமல் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. பார்த்தேன். நன்றாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் பாலராமபுரத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டேன். கட்டு அவிழ்த்த அன்றே அஞ்சு வீட்டில் நீதிமன்றம் கூட்டினாள்.

"அச்சா, போதும். விக்கணும்."

"எண்பது வயசு வரைக்கும் ஓட்டுவேன்."

"அறுபத்தஞ்சு."

"எழுபத்தஞ்சு."

மீன்காரியிடம் பேரம் பேசுவது போலப் போய்க்கொண்டிருந்ததை வசந்தாதான் முடித்துவைத்தாள். "எழுபது. எழுபது முடிஞ்ச அன்னைக்கு சாவி என் கையில். சம்மதமா?"

அன்றைக்கு எனக்குக் காகிதப்படி அறுபத்து மூன்று. ஏழு வருடம் பெரிய லாபம் என்று உடனே கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சுவாமி படத்துக்கு முன்னால்.

இப்போது அக்காவின் போன் ஏன் வராமல் இருந்திருக்கலாம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அன்றே அவளைத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா, எழுபதுன்னு வசந்தாகிட்ட சொல்லிராத."

"ஏம்லே? வயசென்ன திருட்டுச் சாமானா, ஒளிச்சு வைக்கதுக்கு?"

"நான் பொறவு சொல்லுதேன்."

"சரி, சொல்லல. எனக்கென்ன."

4

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் சந்தா வரும், சந்தா வந்தால் செயலாளர் வருவார் என்று நாசர் தடுத்துவிட்டார். நாசருக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை. அவர், ஜோஸ் டாக்டர், நான், கோபாலன் சார், அவ்வளவு பேர்தான். ஐந்தாவதாக ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் மூத்தவர். மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு விடியலில் கிளம்புவோம். கேரளத்துச் சாலையில் வேகமாக ஓட்ட முடியாது. ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடைவெளி என்று ஒன்று இங்கே இல்லை. கடை, வீடு, பள்ளி, பள்ளிவாசல், கோயில், மறுபடி கடை. கம்பத்துக்குக் கம்பம் கேமரா. ஆகவே களியக்காவிளையில் எல்லை தாண்டி, மார்த்தாண்டம் நெரிசலில் வெந்து, நாகர்கோவில் கடந்து, ஆரல்வாய்மொழிக் காற்றில் சாய்ந்து, காவல்கிணறு போய்ச் சேர்ந்தால் நான்குவழிச் சாலை திறந்துகொள்ளும். அந்த ஒரு துண்டு சாலைக்காகத்தான் இத்தனை பாடும். நாங்குநேரி வரை ஓட்டிவிட்டுத் திரும்பும் வழியில் வள்ளியூரில் இட்லி. அதாவது, பிழைக்க வழியில்லை என்று நான் விட்டுவந்த ஊருக்கு இப்போது வாராவாரம் போகிறேன், அங்கே சாலை நன்றாக இருக்கிறது என்பதற்காக.

கூட்டத்தில் ஒரே ஒரு நியமம். மூத்தவர் முன்னால் போக வேண்டும். மூத்தவரை யாரும் முந்தக்கூடாது. இளையவர்கள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு போய் லாரிக்கு அடியில் சொருகிவிடாமல் இருக்க ஏற்படுத்தியது. கனடாவுக்குப் போனவர் இருந்தவரை இந்த நியமத்தால் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் காற்று மாதிரிப் போவார்.

அவருக்குப் பின் முன்னிடம் கோபாலன் சாருக்கு வந்தது. வயது அறுபத்தெட்டு. கருவூலத்தில் அதிகாரியாக இருந்தவர். அவரது வண்டிதான் எங்கள் வண்டிகளிலேயே பெரியது, ஆயிரம் சிசி. பின்வரிசையில் இருந்தவரை நன்றாகத்தான் ஓட்டினார். முன்னால் வந்த பிறகு அந்த வண்டியின் திரையில் ஒரு எண் தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வண்டியே கணக்குப் போட்டுக் காட்டும் எண். ஐம்பதில் போனால் அந்த எண் ஏறுகிறது, நூறில் போனால் இறங்குகிறது. வாழ்நாள் முழுவதும் அரசாங்கச் செலவைக் குறைத்துப் பழகிய மனிதர். அந்த எண் இறங்குவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இட்லிக் கடையில் வந்து உட்கார்ந்ததும் அறிவிப்பார். "இன்னைக்கு இருபத்தி ஏழு. போன வாரத்தைக் காட்டிலும் அரை கூடுதல்."

ஜோஸ் டாக்டர் இட்லியைப் பல்லைப் பிடுங்குவது போலப் பிய்ப்பார்.

5

அக்கா போன் செய்த வாரத்து ஞாயிறு. நான்குவழிச் சாலை காலியாகக் கிடந்தது. வானம் தெளிவாக, காற்று ஓய்ந்து, வருடத்தில் நாலைந்து நாள் வாய்க்கும் காலை. கோபாலன் சார் முன்னால் நாற்பத்தெட்டில் போகிறார். பின்னால் நாங்கள் மூவர், பால்காரர்கள் மாதிரி. ஒரு தண்ணீர் லாரி எங்களை முந்தியது. ஆடு ஏற்றிய ஒரு வேன் முந்தியது. ஆடுகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அப்புறம் வாழைத்தார் நான்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் மொபெட்டில் வந்தார். எங்கள் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, வண்டில ஏதும் கோளாறா? மெக்கானிக்கு வேணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பரிதாபப்பட்டுக்கொண்டே முந்திப் போனார்.

வள்ளியூரில் சார் கை கழுவப் போன இடைவெளியில் ஜோஸ் டாக்டர் வெடித்தார். "அண்ணாச்சி, இது ரைடா, ஊர்வலமா? பின்னாடி செண்டை மேளம் மட்டும்தான் பாக்கி, சாமி எழுந்தருளுற மாதிரி இருக்கு. அடுத்த வாரமும் இப்படின்னா நான் தனியா போயிருவேன், சத்தியம்."

"தனியா போனா கூட்டம் பொளிஞ்ஞு போகும்," என்றார் நாசர். கலைந்துவிடும் என்கிறார். "அண்ணாச்சி சாரிட்ட பேசணும். நாங்க பேசினா தப்பாகும். எனக்கு சார்ட்டருந்து எத்தனை பில் பாஸ் ஆகியிருக்கு தெரியுமா? இந்த நாக்கு எழும்பாது. நீங்க பாண்டி, அந்தப் பக்கத்து ஆள். எதாவது பேசினாலும் பாஷை தெரியாமப் பேசிட்டதா சார் நினைச்சுக்குவார்."

முப்பது வருடம் ஒரு ஊரில் இருந்தால் இப்படி ஒரு பதவி கிடைக்கிறது. சார் வந்து உட்கார்ந்ததும் பேசினேன்.

"சார், நல்ல ரோடு. இன்னும் கொஞ்சம் விட்டுப் போகலாமே."

"போகலாமே," என்றார் சார் சாந்தமாக. "நியமத்தை மாத்தினா போகலாம். ஆனா நியமம் நியமமாணு, அண்ணாச்சி. மூத்தவன் முன்னில். நான் உண்டாக்கினது இல்லையே. என்னை விட மூத்த ஆள் ஒருத்தர் வரட்டும், நான் அடுத்த நிமிஷம் பின்னில் போறேன்."

நாக்கின் நுனி வரை வந்ததைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினேன். சொன்னால் கூட்டம் பிழைக்கும், நான் முன்னால் போவேன். சொன்னது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சாவி போகும். முன்னால் போகிற உரிமையும் வண்டி இல்லாத நிலைமையும் ஒரே வாக்கியத்தில் இருந்தன.

6

ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அடுத்த ஞாயிறு காவல்கிணறு தாண்டியதும் சார் ஐம்பதுக்கு வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். ஜோஸ் டாக்டர் வலது பக்கம் ஒதுங்குகிறார், தலைக்கவசத்துக்குள் உதடு அசைகிறது. முந்தப்போகிறார். முந்திவிட்டால் அதோடு முடிந்தது. இந்த ஊரில் எனக்கென்று இருப்பது இந்த மூன்று பேர்தான், அவர்களும் அன்றோடு போய்விடுவார்கள். நான் ஹாரனை அழுத்திப் பிடித்துக் கையைக் காட்டி எல்லோரையும் ஓரமாக நிறுத்தினேன். தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"சார், எனக்கு எழுபது."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன். ஜோஸ் டாக்டர் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சார் மட்டும் கண்ணாடியைத் துடைத்தார்.

"ரேகை உண்டா?" ஆவணத்தைக் கேட்கிறார்.

"ரேகைல அறுபத்தாறு சார். அதுதானே தப்பு."

"அப்போ சாட்சி?"

"சாட்சி இருக்கு. பக்கத்துலதான்."

இப்படியாகத்தான், வாராவாரம் தாண்டிப் பறந்தும் நான் ஒருநாளும் எட்டிப்பார்க்காத அக்கா வீட்டு வாசலில் நான்கு பெரிய வண்டிகளோடு போய் நின்றேன். அக்கா முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வண்டிகளைப் பார்த்தாள், எங்கள் உடையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமையானா ரோட்டுல வீருனு ஒரு சத்தம் போகுமே, அது நீங்கதானா? நான் ஏதோ ஆம்புலன்ஸுன்னுல்லா நெனச்சேன். பாவம், யாரு உசிருக்குப் போராடுதானோன்னு ஒவ்வொரு தடவையும் கும்புட்டேன்."

"கொஞ்ச நாளா அந்தச் சத்தம் கேட்டிருக்காது அம்மா," என்றார் ஜோஸ் டாக்டர், சாரைப் பார்க்காமல்.

சார் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். "அம்மா, இவர் ஜனிச்ச வருஷம் உறுதியா அறியுமா?"

"நான் தூக்கி வளத்தவ. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

"அது ஓர்மை. ஞாபகம் பிசகலாம். தெளிவு வேணும், ஆதாரம்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. எதிர்வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். "ஏய் சொடலமுத்து! இங்க வா!"

சுடலைமுத்து என்னோடு ஆடு மேய்த்தவன். அவன் அப்பா தபால்காரர் என்பதால் அந்தத் தெருவிலேயே அவன் ஒருவனுக்குத்தான் பிறந்த தேதி ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். முன்பல் இல்லை, முதுகு வளைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாலே, காத்துல போறவனே," என்றான்.

"சொடல, ஒனக்கு எத்தன வயசு?"

"இந்த அக்டோபர் இருவதாந் தேதியோட எழுவது."

"இவன் எப்பப் பொறந்தான்?"

"நான் பொறந்த மறுநாளு. எங்க அம்மைக்குச் சீக்கு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே மருத்துவச்சி வந்தா. இவுக அம்மதான் எனக்கும் பாலு குடுத்தா. இவனுக்குப் பத்தாமப் போனதுக்குக் காரணம் நான்தான்." சொல்லிவிட்டு என் வயிற்றைத் தட்டினான். "இப்பம் பத்துன மாதிரித்தான் இருக்கு."

சார் சுடலைமுத்துவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, அலுவலகத்தில் கோப்பை மூடுவதுபோல இரு கையையும் சேர்த்தார். "சம்மதிச்சு. அண்ணாச்சி மூத்தது."

ஜோஸ் டாக்டர் என் காதில் சொன்னார்: "நல்லவேளை. அந்த ஆள் உங்களைவிட ஒருநாள் மூப்பு. அவர்கிட்ட பைக் இருந்திருந்தா நம்ம கதி?"

வழக்கில் ஜெயித்த சந்தோஷம் அக்காவின் தலைக்கு ஏறிவிட்டது. எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டாள். கொண்டுவந்து வைத்த கையோடு போனை எடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்பதற்குள் அடித்துவிட்டாள்.

"வசந்தாவா? நான் செல்லம்மா! ஒன் வீட்டுக்காரனுக்கு எழுவது முடியுது! ஆமா, எழுவது! சாட்சியெல்லாம் வச்சு நிரூபிச்சாச்சு! கோவாலன் சாரே ஒத்துக்கிட்டாரு!"

நான் கையை ஆட்டினேன். அக்கா, வசந்தாவுக்கு நான் வாழ்த்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள்.

7

திரும்பும்போது நான் முன்னால்.

இதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியவில்லை. சாலை நேராக இருந்தது. வீட்டுக்குப் போனதும் சாவி போய்விடும் என்பது தெரியும். ஆகவே அதைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. திருகினேன். எஞ்சின் கொட்டாவியை நிறுத்திவிட்டுக் கண்விழித்தது. காற்றாலைகள் வரிசையாக வந்து வரிசையாகப் போயின. சவுதியில் ஒருமுறை பாலைவனத்தில் டிரெய்லர் பழுதாகி மூன்று நாள் ஒரே இடத்தில் இருந்தேன். தண்ணீர் தீர்ந்துபோய் ரேடியேட்டர் நீரைக் குடித்தேன். அந்த மூன்று நாளும் அன்று காலை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் ஜோஸ் டாக்டரின் சிவப்பு வண்டி ஒட்டிக்கொண்டே வந்தது. அவர் பாடிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

மார்த்தாண்டம் நெரிசலில் மெதுவாகும்போதுதான் வசந்தாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

8

வீட்டில் அஞ்சுவும் வந்திருந்தாள். நான் சாவியை வசந்தாவின் உள்ளங்கையில் வைத்தேன். சுவாமி படத்துக்கு முன் சத்தியம் செய்தது. ஐப்பசிக்கு இன்னும் சில நாள் பாக்கி என்று பேரம் பேச வாய் வரவில்லை.

"அச்சா அறிஞ்ஞிட்டு மறைச்சதா?" என்றாள் அஞ்சு.

"போன வாரம்தான் தெரியும். ஒரு வாரம் மறைச்சேன்."

"ஐ ஆம் வெரி டிசப்பாயின்டட்."

அழைப்பு மணி அடித்தது. மூவரும் வாசலில் நின்றார்கள். பதற்றத்தில் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறியிருந்தார்கள். வரிசையாகச் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"சேச்சி," என்றார் ஜோஸ் டாக்டர். "அண்ணாச்சி நிறுத்தினா மறுபடி கோபாலன் சார்தான் மூத்தது." சார் பக்கத்திலேயே இருந்ததால் மேலே சொல்ல முடியாமல் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

"எத்தனை ஸ்பீடில் போனீங்க?" என்றாள் அஞ்சு.

"அறுபது," என்றார் நாசர். "எழுபது," என்றார் ஜோஸ் டாக்டர். இருவரும் ஒரே நேரத்தில்.

சார் தொண்டையைச் செருமினார். "மோளே, நான் ஒரு காரியம் பறயட்டா? அண்ணாச்சி முன்னில் போகும்போது காற்று முழுக்க அவர் மேல. பின்னில் எனக்குக் காற்றே இல்லை. ஆரல்வாய்மொழில சாதாரணமா வண்டி கிடந்து தள்ளாடும். இன்னைக்கு மைலேஜ் இருபத்தி எட்டு. எனக்கு அண்ணாச்சி முன்னில் வேணும்."

நாங்கள் வந்த வேகத்துக்கு அது எப்படி ஏறும்? வேகம் கூடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், இது சிறு பிள்ளைக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். ஜோஸ் டாக்டர் பூட்ஸ் காலால் என் வெறுங்காலை மிதித்தார். சார் என் பக்கமே திரும்பவில்லை. மூடிக்கொண்டேன்.

வசந்தா எழுந்து அடுக்களைக்குப் போனாள். எல்லோருக்கும் சாயா கொண்டுவந்து வைத்தாள். பழம்பொரி வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸில் நான் கல்யாணம் கழிச்சது அந்தப் பேப்பரில் உள்ள ஆளைத்தான். அவருக்கு அறுபத்தாறு. வாக்கு தந்ததும் அவர்தான். அவருக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி உண்டு." சாவியை மேசையில் வைத்தாள்.

"அம்மா, திஸ் இஸ் சீட்டிங்," என்றாள் அஞ்சு.

"நீ சும்மா இரு. இந்த மனுஷன் வீட்டில் இருந்தா ஞாயிறாழ்ச முழுக்க என் அடுக்களையில் நிப்பாரு. மிக்ஸியைக் கழற்றிப் போடுவாரு. நீயா வந்து மாட்டுவே?"

நான் சாவியை எடுக்கக் கை நீட்டினேன். அவள் அதற்குள் எனக்கு வைத்த சாயாவையும் பழம்பொரியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எதுக்கு?"

"வண்டி அறுபத்தாறுக்காரருக்கு. இன்னைக்குப் புதுசா ஒரு எழுபதுக்காரரும் வந்திருக்கார் இல்லையா? அவருக்கு இனி சர்க்கரை கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, ராத்திரி கஞ்சி. கண்ணும் ரத்தமும் நாளைக்கே பரிசோதனை. இதில் ஒருநாள் தப்பினா அந்த அறுபத்தாறுக்காரனையும் சேர்த்து வீட்டில் உட்கார வைப்பேன்."

நாசர் என் பங்குப் பழம்பொரியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். திட்டுவதற்காகத்தான் செய்தேன். ஆனால் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனபோது கோபம் எங்கோ நழுவிவிட்டது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். வசந்தாவின் தீர்ப்பைச் சொன்னதும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நாலு வருசத்த சும்மாவா குடுத்தா?"

"சும்மாதான். கஞ்சி குடிக்கணும்."

அவள் முற்றத்தில் கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு என்னைவிட ஆறு வயது கூடுதல்.

"அப்பம் எனக்கும் அவகிட்ட ஒரு நாலு வருசம் வாங்கிக் குடுலே," என்றாள். "நான் ஒண்ணும் ஓட்ட மாட்டேன். சும்மா இருந்துக்கிடுதேன்."